முன் ஆக்சில் நக்கிளைப் பிரித்துப் புதுப்பித்தல்: பழைய டொயோட்டா நாலு சக்கர இழுவை வண்டிகளுக்கு முழுமையான வழிகாட்டி

முன் சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாக எண்ணெய் வழிகிறது. அந்தப் பெரிய எஃகு உருண்டை முழுக்கப் பிசுக்கு. உடனே பலரும் செய்வது, உருண்டையைத் துடைக்கும் வைப்பர் சீலை மட்டும் மாற்றிப் பூட்டுவது. சில மாதத்தில் மறுபடி அதே ஒழுகல். காரணம் எளிது. வைப்பரின் வேலை எண்ணெயைத் தடுப்பது அல்ல. சேறும் தூசியும் உள்ளே போகாமல் உருண்டையைத் துடைப்பது. எண்ணெயைத் தடுக்க வேண்டியது உள்ளே, ஆக்சில் குழாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் சிறிய சீல். அது போனால் டிஃபரன்ஷியலின் கியர் ஆயில், உருண்டையை மூடி நின்று சக்கரத்தோடு திரும்பும் கூடான நக்கிளுக்குள் வந்து, அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்துக் கூழாக்கி வெளியே தள்ளும். அந்தச் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் பூட்டினால் புதுச் சீலும் அதே வழியில் போகும்.

இந்த வழிகாட்டி லேண்ட் குரூசர் எஃப்ஜே40, 60 சீரிஸ், இரு முன் சக்கரத்தையும் ஒரே திட ஆக்சில் இணைக்கும் ஹைலக்ஸ் ஆகியவற்றின் மூடிய நக்கிளை வைத்து எழுதியது. முன்பக்கம் டிஸ்க் பிரேக், முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஃப்ரீ வீல் ஹப் என்று எடுத்துக்கொள்கிறோம். டிரம் பிரேக் உள்ள பழைய எஃப்ஜே40 என்றால் பிரேக் பிளேட்டைக் கழற்றும் வேலை கூடும்; மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான். முடுக்க அளவுகள் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பிரிக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் நிற்கவில்லை, நக்கிளே உருண்டையின் மேல் அசைகிறது என்றால் அது நக்கிள் இடமும் வலமும் திரும்பத் தாங்கும் கிங்பின் பேரிங். கையேடுகளில் இதற்கு நக்கிள் பேரிங் என்றும் டிரனியன் பேரிங் என்றும் பெயர்.

அடுத்து, சக்கரத்தை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நேராக நிற்கும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் ஒரு 'டக்' உணர்வு வந்தால் கிங்பின் பேரிங்கின் கப்பில் (உருளைகள் அமரும் வெளி வளையம்) குழி விழுந்துவிட்டது என்று பொருள். இந்த பேரிங் முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது. ஆகவே உருளைகள் ஒரே இடத்தில் நின்றபடி சாலை அதிர்ச்சியை வாங்கிக் கப்பில் தடம் பதிக்கின்றன. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறது என்ற புகார் பல வண்டிகளில் இங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது, முன் டிஃபரன்ஷியலின் பிரீதர். ஆக்சில் குழாயின் மேலே இருக்கும் இந்தச் சிறிய மூச்சு வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அடைத்திருந்தால், ஓட்டத்தில் எண்ணெய் சூடாகி உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலின் உதட்டையும் தாண்டி எண்ணெயைத் தள்ளும். சேறு அப்பிய பிரீதருக்கு வைத்தியம் பார்க்காமல் நக்கிளைப் பிரிப்பது வீண் உழைப்பு.

நான்காவது, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி முன் இழுவையில் நகர்த்தும்போது 'டக் டக்' என்ற சத்தம் கேட்டால், ஆக்சில் தண்டு வளைந்தபடியே சக்கரத்தைச் சுழற்ற உதவும் பிர்ஃபீல்டு மூட்டு தேய்ந்திருக்கிறது. ஆறு குண்டுகள் கொண்ட இந்த வளைமூட்டின் வடிவமைப்பு ஆல்ஃப்ரெட் ரெப்பாவுடையது. பெயர் என்னவோ அதைத் தயாரித்த பிரிட்டிஷ் நிறுவனத்திடமிருந்து ஒட்டிக்கொண்டது.

வாங்கி வைக்க வேண்டியவை

இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து:

- கிங்பின் பேரிங், கப்புடன்: 4
- உள் ஆக்சில் சீல்: 2
- வைப்பர் செட் (ஃபெல்ட், ரப்பர், எஃகு வளையம்): 2
- ஸ்பிண்டில் (ஹப் சுற்றும் குழாய்த் தண்டு) கேஸ்கெட், ஹப் கேஸ்கெட்: ஒவ்வொன்றும் 2 செட்
- ஹப்பின் உட்பக்க கிரீஸ் சீல்: 2
- வீல் பேரிங் நட்டின் லாக் வாஷர்: 2
- ஆக்சில் முனை ஸ்னாப் ரிங்: 2
- ஸ்பிளிட் பின்கள், 0.1, 0.2, 0.5 மி.மீ. ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்)
- நக்கிள் ஆர்ம் ஸ்டட், நட்டு, கோன் வாஷர் (கூம்பு வடிவ வாஷர்): முழு செட்

ஸ்டட்டை வாங்காமல் விடாதீர்கள். நக்கிளை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் கைதான் நக்கிள் ஆர்ம்; அதைப் பிடித்திருப்பவை இவைதான். பெரிய டயர் போட்ட வண்டிகளில் இந்த ஸ்டட்கள் தளர்ந்து, தளர்ந்த பிறகு ஒவ்வொன்றாக முறிவது தெரிந்த கதை. நான்கும் போனால் சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் தொடர்பே இருக்காது.

வீல் பேரிங்கை வேலையின்போது பார்த்து முடிவு செய்யலாம். மாற்றுவதானால் ஒரு பக்கத்துக்கு உள்ளொன்று, வெளியொன்று.

கிரீஸ் இரண்டு வகை வேண்டும். பிர்ஃபீல்டுக்கும் நக்கிள் குழிக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த லித்தியம் கிரீஸ், 2ஆம் எண் அடர்த்தி. வீல் பேரிங்குக்கு அதிகச் சூடு தாங்கும் சாதாரண லித்தியம் கிரீஸ். மாலி கிரீஸ் ஒரு பக்கத்துக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் கையில் இருக்கட்டும்.

கருவிகளில் மூன்று கட்டாயம்: வீல் பேரிங் நட்டுக்கான 54 மி.மீ. சாக்கெட், டார்க் ரெஞ்ச், 10 கிலோ வரை காட்டும் ஸ்பிரிங் தராசு. அந்த நட்டை உளி வைத்துத் தட்டித் திருப்புவோர் உண்டு. நட்டின் மூலைகளும் ஸ்பிண்டிலின் மரையும் அதற்கு விலை கொடுக்கும். இவை போக பித்தளை ராடு, ஸ்னாப் ரிங் பிளையர், டை ராடு எண்ட் (இரு சக்கரங்களின் ஆர்ம்களை இணைக்கும் கம்பியின் முனை) புல்லர், மைக்ரோமீட்டர், நிறையப் பழந்துணி.

கழற்றுதல்

ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். குழப்பம் வந்தால் பூட்டியிருக்கும் பக்கமே பதில் சொல்லும்.

1. பின் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன் ஆக்சிலைக் குழாயின் இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை எடுத்துவிட்டு காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்க விடாதீர்கள். பழைய பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

2. ஃப்ரீ வீல் ஹப்பை 'ஃப்ரீ' நிலையில் வைத்து மூடியின் ஆறு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். உள்ளே ஆக்சில் முனையில் ஸ்னாப் ரிங் தெரியும். முனையின் நடுவே இருக்கும் மரைத் துளையில் 8 மி.மீ. போல்ட்டைத் திருகி ஆக்சிலை வெளியே இழுத்துப் பிடித்தால் ரிங் சுலபமாக வரும்.

3. ஹப் உடலின் ஆறு நட்டுகளைக் கழற்றியதும் கோன் வாஷர்கள் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும். நெம்ப வேண்டாம். நட்டை ஸ்டட் முனைக்குச் சமமாக மறுபடி திருகி, பித்தளை ராடை ஸ்டட் முனையில் வைத்து ஓங்கி ஒரு தட்டு. வாஷர் 'டப்' என்று துள்ளி வரும். நட்டு இல்லாமல் தட்டினால் மரை நசுங்கும்.

4. லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, வெளி நட்டு, லாக் வாஷர், உள் நட்டு, நாக்குள்ள வாஷர் என்று வரிசையாக எடுங்கள். ஹப்பும் டிஸ்க்கும் சேர்ந்து வரும். வெளி பேரிங் கீழே விழாமல் உள்ளங்கையால் மூடிப் பிடியுங்கள்.

5. ஸ்பிண்டிலின் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஸ்பிண்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினால் விடும். கீழே ஒரு தட்டு வையுங்கள். இங்கே கொட்டுவதைக் கூர்ந்து பாருங்கள். கெட்டியான கறுப்பு கிரீஸ் என்றால் உள் சீல் நலம். தண்ணீராக ஓடினால் கியர் ஆயில் வந்திருக்கிறது. பழுப்புக் குழம்பு என்றால் வைப்பர் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது.

6. பிர்ஃபீல்டின் மணி போன்ற பகுதியில் தட்டையான முகம் உண்டு. அது மேல் நோக்கி வரும்வரை ஆக்சிலைச் சுற்றிவிட்டு வெளியே இழுங்கள். வழியில் இடித்தால் இழுக்காதீர்கள், சுற்றுங்கள்.

7. டை ராடு எண்டை புல்லரால் பிரியுங்கள். கவைபோன்ற இரும்பை அடித்து ஏற்றினால் அதன் ரப்பர் கிழியும்.

8. நக்கிளின் பின்புறச் சிறு போல்ட்டுகளைக் கழற்றி வைப்பரின் அரைவட்டத் தகடுகளை எடுங்கள். ஃபெல்ட், ரப்பர், எஃகு வளையம் எந்த வரிசையில் இருந்தன என்று ஒரு படம் எடுத்துவையுங்கள்.

9. மேலும் கீழும் உள்ள ஆர்ம், மூடி ஆகியவற்றின் நான்கு நான்கு நட்டுகளைக் கழற்றி, கோன் வாஷர்களை முன்போலவே விடுவியுங்கள். ஷிம்களை மேல், கீழ், இடது, வலது என்று எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். இந்த வேலையில் ஈடு செய்யக் கடினமான தவறு என்று ஒன்று உண்டென்றால் அது ஷிம்களைக் கலந்துவிடுவது. நக்கிளை எடுக்கும்போது பேரிங்குகள் உதிரும். கையை அடியில் வையுங்கள்.

ஷிம்கள் ஏன் இவ்வளவு முக்கியம்

ஷிம்களுக்கு இரண்டு வேலை. மேல், கீழ் ஷிம்களின் மொத்தத் தடிமன் கிங்பின் பேரிங்கின் இறுக்கத்தை முடிவு செய்கிறது. ஷிம் குறைந்தால் ஆர்மின் முளை இன்னும் உள்ளே இறங்கும், இறுக்கம் கூடும். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற பங்கீடு, நக்கிள் எந்த உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. மேலிருந்து ஷிம் எடுத்தால் நக்கிள் மேலே ஏறும். அதோடு ஸ்பிண்டிலும் ஆக்சிலும் ஏறும். ஆனால் உள் சீல் ஆக்சில் குழாயில் நிலையாக நிற்கிறது. எனவே ஆக்சில் சீலின் நடுவே ஓடாமல் ஒரு பக்க உதட்டை அழுத்தியபடி ஓடும். எதிர்ப்பக்க உதடு இடைவெளி விடும். எத்தனை முறை சீல் மாற்றினாலும் ஒழுகும் வண்டிகளில் இதைச் சந்தேகியுங்கள்.

நடுவை அளக்க டொயோட்டாவுக்குத் தனிக் கருவி உண்டு. அது இல்லாதவர்கள் பின்பற்ற வேண்டிய விதி: தொழிற்சாலை போட்ட ஷிம் பங்கீட்டை அப்படியே வைத்திருங்கள், இறுக்கத்துக்காக மாற்ற நேர்ந்தால் மேலும் கீழும் சம அளவில் மாற்றுங்கள். ஒவ்வொரு ஷிம்மையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிவையுங்கள். துருவேறிக் கிழிந்த ஷிம்முக்குப் பதில் அதே தடிமனில் புதியது.

சுத்தம், சோதனை

மொத்த நேரத்தில் பாதி இங்கேதான் போகும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம்.

உருண்டையைப் பளபளப்பாகும்வரை கம்பி பிரஷ்ஷாலும் பிறகு 400 எமரித் தாளாலும் தேயுங்கள். துருக்குழி ஆழமாக இருந்தால் இரும்புத்தூள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி வழவழப்பாக்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குழியும் புது வைப்பரை அரம்போல அராவும்.

பழைய உள் சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்தபின் நெம்பி எடுங்கள். சீல் ஓடும் இடத்தில் ஆக்சிலின் மேல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. லேசான பள்ளத்தை எமரித் தாளைச் சுற்றிப் பிடித்துத் தேய்க்கலாம். தேய்ப்பது சுற்றுவாக்கில் மட்டுமே. நீளவாக்கில் விழும் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால். ஆழமான பள்ளம் என்றால் ஆக்சிலை மாற்றுவதுதான் தீர்வு.

ஸ்பிண்டிலுக்குள் வெண்கல புஷ் இருக்கும். பிர்ஃபீல்டின் முனையை அதில் செருகி ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் புஷ்ஷை மாற்றுங்கள். இந்த புஷ் தேய்ந்தாலும் ஆக்சில் தொங்கி, பாரம் உள் சீலின் மேல்தான் விழும்.

பிர்ஃபீல்டைத் தண்டிலிருந்து பிரிக்க, தண்டைச் செங்குத்தாக, மணி கீழே இருக்கும்படி பிடித்துத் தடித்த மரக்கட்டையின் மேல் ஓங்கிக் குத்துங்கள். உள்ளே இருக்கும் ஸ்னாப் ரிங் விட்டுக்கொடுத்து மணி கழன்றுவிடும். உள் நட்சத்திரம், கூண்டு, மணி மூன்றிலும் ஒன்றுக்கொன்று நேராக அடையாளம் போட்டுவிட்டு, கூண்டை ஒரு பக்கம் சாய்த்தால் எதிர்ப்பக்கக் குண்டு வெளியே வரும். ஆறும் வந்தபின் கூண்டின் ஜன்னல் மூலைகளில் விரிசல் இருக்கிறதா, குண்டு ஓடும் பள்ளத்தில் செதில் உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விரிசலோ செதிலோ இருந்தால் மூட்டை மாற்றுங்கள். வெறும் தேய்மானம்தான், சத்தம் இல்லை என்றால் இடது மணியை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போடலாம். முன்னோக்கிய ஓட்டத்தில் இதுவரை பாரம் வாங்காத முகம் இனி வாங்கும்.

திரும்பப் பூட்டுதல்

பழைய பேரிங் கப்புகளைப் பித்தளை ராடால் உள்ளிருந்து தட்டி எடுத்துவிட்டுப் புதியதைக் கோணாமல் இறக்குங்கள். முழுதாக அமர்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும்: மந்தமான ஒலி போய்க் கணீர் என்று கேட்கும். பழைய கப்பில் புது பேரிங் போடாதீர்கள்.

உள் சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் டிஃபரன்ஷியலை நோக்கி இருக்க வேண்டும். அளந்து வைத்த ஆழத்துக்கு, அகலமான தட்டையான துண்டை வைத்து நேராக அடியுங்கள். உதட்டில் கிரீஸ் தடவுங்கள்.

அடுத்து பலரும் மறப்பது: நக்கிளை மாட்டும் முன் வைப்பர் செட்டை உருண்டைக்குப் பின்னால் ஏற்றிவிடுங்கள். ஃபெல்ட் வெளிப்பக்கம், ரப்பர் அதற்கு உள்ளே. தகடுகள் மட்டும்தான் அரைவட்டம். மற்றவை முழு வளையம். மறந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

பேரிங்குகளில் கிரீஸை நன்றாக உள்ளே அழுத்தி வைத்து, நக்கிளை ஏற்றி, அந்தந்த ஷிம்களுடன் ஆர்மையும் மூடியையும் பொருத்துங்கள். ஸ்டட், துளை, கோன் வாஷர் எதிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. நட்டுகளைக் குறுக்கு வரிசையில் 96 நியூட்டன் மீட்டருக்கு முடுக்குங்கள். பாதியில் ஒருமுறை ஆர்மைச் சுத்தியலால் தட்டிவிட்டு மறுபடி முடுக்கினால் கோன் வாஷர்கள் சரியாக அமரும்.

இப்போது தராசு. வைப்பர் பூட்டப்படாமல், ஆக்சில் உள்ளே இல்லாமல், ஆர்மில் டை ராடு எண்ட் நுழையும் துளையில் கொக்கியை மாட்டிச் செங்கோணமாக இழுங்கள். இந்த வகை ஆக்சில்களில் 3 முதல் 6 கிலோ வரை காட்டினால் சரி. குறைவு என்றால் மேலும் கீழும் 0.1 மி.மீ. ஷிம் எடுத்துப் பாருங்கள். கூடுதல் என்றால் சேருங்கள். புது பேரிங்குக்கு வரம்பின் மேல்பாதி நல்லது, ஓடியதும் கொஞ்சம் தளரும். இந்த அளவைக் கைக்கணக்கில் விட்டுவிட்டால் ஒன்று வண்டி உதறும், இல்லை வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேராகாது.

வைப்பரைப் பூட்டி, உருண்டையில் மெல்லிய கிரீஸ் பூசுங்கள்.

பிர்ஃபீல்டின் உள்ளே மாலி கிரீஸ் குண்டுகளுக்கு இடையிலிருந்து பிதுங்கும்வரை அடைத்து, தண்டின் ஸ்னாப் ரிங்கை அமுக்கிப் பிடித்தபடி செருகுங்கள். 'க்ளிக்' ஆனதும் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. ஆக்சிலை உள்ளே விடும்போது அதன் பாரத்தைக் கையில் தாங்குங்கள். ஸ்ப்ளைனின் பற்கள் உதட்டில் ஒருமுறை உரசினால் போதும், புதுச் சீல் அங்கேயே பாழ். டிஃபரன்ஷியல் பற்களில் மாட்டாவிட்டால் லேசாகச் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள். பிறகு நக்கிள் குழியை முக்கால் பங்கு கிரீஸால் நிரப்புங்கள். முழுக்க அடைத்தால் சூட்டில் விரிந்து வைப்பர் வழியே பிதுங்கும்.

புது கேஸ்கெட்டுடன் ஸ்பிண்டிலைப் பூட்டிக் கையேட்டின் அளவுக்கு முடுக்குங்கள். புஷ்ஷிலும் கிரீஸ் வையுங்கள்.

வீல் பேரிங்: ஹப்பை ஏற்றி, உள் நட்டை 60 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, ஹப்பை இரு திசையிலும் பல சுற்று சுற்றுங்கள். நட்டைத் தளர்த்திக் கையளவுக்கு மறுபடி இறுக்குங்கள். தராசை வீல் ஸ்டட்டில் மாட்டி இழுத்தால் 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் ஹப் சுற்றத் தொடங்க வேண்டும். லாக் வாஷர், வெளி நட்டு போட்டு முடுக்கியபின் மறுபடி அளந்து பாருங்கள். வெளி நட்டு மரையின் தளர்வை எடுத்துக்கொள்வதால் இறுக்கம் எப்போதும் கொஞ்சம் கூடும். அளவு சரியான பிறகு வாஷரின் ஒரு மடிப்பை உள் நட்டின் மேலும் ஒன்றை வெளி நட்டின் மேலும் மடக்குங்கள்.

ஃப்ரீ வீல் ஹப் நட்டுகளுக்கு 31, டை ராடு எண்ட் நட்டுக்கு 91 நியூட்டன் மீட்டர். ஸ்பிளிட் பின் துளை பொருந்தாவிட்டால் நட்டை முன்னோக்கி முடுக்கிப் பொருத்துங்கள், தளர்த்தாதீர்கள். ஹப்புக்குள் கிரீஸை அடைக்க வேண்டாம். மெல்லிய பூச்சு போதும். கெட்டி கிரீஸில் ஹப் கிளட்ச் சிக்கி மாட்டாமல் போகும்.

ஓட்டிய பிறகு

டிஃபரன்ஷியல் எண்ணெய் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். நக்கிளுக்குள் வந்ததெல்லாம் அங்கிருந்து போனதுதான். பிரேக் லைனைத் திறந்திருந்தால் காற்றெடுங்கள். முதல் ஓட்டம் 10, 15 கிலோமீட்டர் போதும். நிறுத்தியதும் இரு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பக்கம் பேரிங் இறுக்கம் அதிகம், அல்லது பிரேக் பிடித்திருக்கிறது.

500 கிலோமீட்டரில் நக்கிள் ஆர்ம் நட்டுகளை 96 நியூட்டன் மீட்டருக்கு மறுபடி சோதியுங்கள். டை ராடின் நீளம் மாறியிருந்தால் டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும்) அளவையும் சரிபாருங்கள். உருண்டையில் மெல்லிய கிரீஸ் படலம் தெரிவது இயல்பு. அது சொட்டாக மாறினால் விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: கிரீஸ் வாசனையும் கெட்டித்தன்மையும் இருந்தால் குழியை அதிகம் அடைத்துவிட்டீர்கள், தானாக நிற்கும். கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால் முதலில் பிரீதர், பிறகு ஷிம் கணக்கு, அதன் பிறகே சீல்.